லூர்தம்மா நம்பாத பெற்றோல் முள்

பிள்ளைகளே,

போன மாதம் உங்கள் பள்ளிக்கூடத்தில் என் தொழிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "மாமா, எங்கட வான் வாகனத்தில பிழை எண்டால் ஸ்கிரீனில எழுத்து வருது. எழுத்து வராத பழைய காரில பிழையை எப்படிக் கண்டுபிடிச்சனீங்க?" என்று கேட்டது. நான் வாயைத் திறக்க மணி அடித்துவிட்டது. எல்லாரும் ஓடிவிட்டீர்கள். நல்ல கேள்வி ஒன்றைக் கதிரையில் தனியே இருத்திவிட்டு வந்த மாதிரி எனக்கு இருந்தது. "எழுதிக் குடுங்கோ அப்பா, சஞ்சிகையில போடுவினம்" என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் ரீச்சர் திருத்தட்டும். வயரில் பிழை இருந்தால் நான் பொறுப்பு.

வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு லொறி வயறிங் கடையில் நாலு வருடம் நின்றேன். கரண்ட் அடித்தால் கையை உதறிவிட்டுச் சிரிக்கப் பழகினேன். அவ்வளவுதான் அங்கே கிடைத்த பட்டம். சண்டை முடிய முதலே ஊருக்குத் திரும்பி வந்து, மன்னார் பட்டினத்தில் மெற்றில்டா அக்காவின் கராஜில் சேர்ந்தேன். ஓய்வு எடுக்கும் வரை அங்கேதான்.

மெற்றில்டா அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கராஜைத் தொடங்கியது அவரின் புருசன். அவர் வெளிநாடு போய், வருகிற வருடம் வாறன், வருகிற வருடம் வாறன் என்று சொல்லிக்கொண்டே அங்கே நின்றுவிட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர். கேள்வி கேட்பார், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கராஜைத் திறந்தால் அதே முறைதான். எங்களுக்கு வேதம் மட்டும் வேறு.

வாசலில் ஒரு மரக் கதிரை, மடியில் ஒரு கொப்பி, காதில் பென்சில். வாகனம் வந்தால் சாவி, குறடு வைக்கிற ஆயுதப் பெட்டியைத் தொட விடமாட்டார். முதலில் சாரதியின் இருக்கையில் போய் இருக்க வேண்டும். கைகளை முழங்காலில் வைக்க வேண்டும். பிறகு இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டு, என்ன நடக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என்ன நினைக்கிறாய் என்று அவர் கேட்க மாட்டார். கண்டதை மட்டும் சொல் என்பார். அக்கா எழுதிக்கொள்வார். நான் சேர்ந்த முதல் நாளே கெட்டித்தனத்தைக் காட்ட நினைத்து, ஒரு உழவு இயந்திரத்தின் ஹோனை நேரே கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டச் சொன்னார். பூட்டிவிட்டு இருக்கையில் இருந்து, கையை முழங்காலில் வைத்து, முதல் சுவிச்சிலிருந்து தொடங்கச் சொன்னார். வெளியே தன் உழவு இயந்திரத்துக்காக நின்ற மனுசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம் எழுதி முடிந்ததும் கேள்வி தொடங்கும்.

"கரண்ட் எங்கயிருந்து வருது?"

"பற்றறியில இருந்து, அக்கா."

"எங்க போய் முடியுது?"

"பற்றறியிலதான், அக்கா."

"எதால திரும்பிப் போகுது?"

"பொடியால, அக்கா."

பொடி என்றால் காரின் உடம்பு. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பற்றறியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் போகும். ஆனால் கரண்ட் ஒரு சுற்றுச் சுற்றித் தன் வீட்டுக்குத் திரும்பினால்தான் விளக்கு எரியும். திரும்பிப் போவதற்குக் காரில் தனி வயர் இல்லை. காரின் இரும்பு உடம்புதான் பாதை. அதற்கு ஏர்த் என்று பெயர். இந்த மூன்று பதிலையும் நான் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்வதுபோலச் சொல்லிப் பழகிவிட்டேன். வாய் சொல்லும், மனம் மத்தியானக் கறியில் நிற்கும்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலையில் கடலுக்குள்ளால் எங்கள் தீவுக்கு வருகிற தாம்போதி வீதியால் ஒரு சிவப்புக் கார் வந்தது. இரண்டே இரண்டு பேர் இருக்கலாம். கூரை இல்லை. உயரம் என் இடுப்பளவு. பழைய இங்கிலீசு ஸ்போர்ட்ஸ் கார். வீதியில் போன சைக்கிள்காரர் எல்லாரும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான் கையில் இருந்த தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். மெற்றில்டா அக்கா மட்டும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

ஓட்டி வந்தது ஜெசிந்தா என்ற பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதி. பக்கத்தில் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளின் தாய் லூர்தம்மா. கார் ஜெசிந்தாவின் தகப்பனுடையது. அவர் கொழும்பில் ஒரு வழக்கறிஞரிடம் சாரதியாக இருந்தவர். வழக்கறிஞருக்குக் கண் மங்கியதும், காரை இவருக்கே கொடுத்துவிட்டார். சண்டை தொடங்கிக் குடும்பம் இந்தியாவுக்குப் போனபோது, உயிலங்குளத்தில் சொந்தக்காரர் ஒருவரின் நெல்லுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் காரை மூடிவிட்டுப் போனார்கள். தகப்பன் முகாமிலேயே காலமாகிவிட்டார். தாயும் மகளும் திரும்பி வந்து வைக்கோலை இழுத்தபோது கார் அப்படியே இருந்ததாம். அடியும் முன்பக்கமும் மட்டும் துருவில் கரைந்துபோயிருந்தது. ஜெசிந்தாவின் மச்சான் கிளறன்ஸ் காரின் உடம்பைத் திருத்திக் கொடுத்தான். வவுனியாவில் ஒருவர் எஞ்சினை எழுப்பிக் கொடுத்தார். இப்போது அது ஓடுகிறது. ஆனால் டாஷ்போட்டு மீற்றர்களில் ஆடுகிற முள் ஒன்றும் உண்மை பேசவில்லை.

வருகிற சனிக்கிழமை ஜெசிந்தாவுக்குக் கலியாணம். கோயில் மன்னார்த் தீவில், தகப்பனின் ஊரில். வீடு தாம்போதிக்கு அந்தப் பக்கம், உயிலங்குளத்தில். அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தாம்போதியைத் தாண்டிக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவளின் ஆசை. "என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக அப்பா இல்லை. அவற்ற காராவது கூட்டிக்கொண்டு போகட்டும்" என்று அக்காவிடம் சொன்னாள்.

லூர்தம்மா அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவரின் கதையை அன்றைக்குத்தான் கேட்டோம். அவரின் கலியாணத்தன்றும் இதே கார்தானாம். பெற்றோல் முள், தாங்கி அரைவாசி நிறைஞ்சிருக்கு என்று காட்டியதாம். தாம்போதியின் நடுவில் பெற்றோல் முடிந்து நின்றுவிட்டதாம்.

"கலியாணச் சாறியோட அரைத் தாம்போதி நடந்தனான். பிறகு ஒரு மீன் லொறிக்காரன் இரக்கப்பட்டு ஏத்தினவன். போட்டோவில மணக்காது, அவ்வளவுதான் புண்ணியம்" என்றார்.

அக்கா சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் காரின் மறுபக்கம் குனிந்துகொண்டேன்.

லூர்தம்மாவின் கட்டளை இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் வருவார். பெற்றோல் முள் உண்மை சொன்னால் மகள் ஓட்டலாம். சொல்லாவிட்டால் தன் தமையனின் வானில் எல்லாரும் போவது. அந்த வானுக்குக் கடுதாசிப் பூச் சோடனைகூடக் கட்டத் தொடங்கிவிட்டார்களாம். ஜெசிந்தா காரின் சாவியை என் கையில் வைத்தாள்.

சரி, அவர்கள் போய், எஞ்சினும் ஆறின பிறகு இருக்கையில் இருந்தேன். கையை முழங்காலில் வைத்தேன். நாலு வட்ட மீற்றர்: வேகம், எஞ்சின் சுற்று, பெற்றோல், சூடு. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது, சூட்டு முள் மெல்ல மெல்ல எழும்பிக் கொதிக்கிறது என்று காட்டியது. தாங்கியில் கையளவு பெற்றோல், முள் முழுக்க என்றது. எஞ்சினை எழுப்பி இடது பக்கச் சிக்னலைப் போட்டேன். சுற்று முள் சிக்னலின் தாளத்துக்குத் துள்ளியது. பெரிய லைற்றைப் போட்டால் பெற்றோல் முள் நித்திரை தூங்குகிற கிழவர் மாதிரி ஒரு பக்கம் சரிந்தது. நான் சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு. வெளியே வேடிக்கை பார்த்து நின்றவர்கள் வலது சிக்னலையும் போடச் சொல்லிக் கேட்டார்கள்.

"எல்லாச் சுவிச்சும் பாத்தியோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன்.

அது பொய். வைப்பர் சுவிச்சை நான் போடவில்லை. மன்னார் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழை பெய்து மாதக்கணக்கு. வைப்பரும் பெற்றோல் முள்ளும் எந்த ஊர் உறவு என்று விட்டுவிட்டேன். பிறகு கேள்வி, பதில். எங்கிருந்து வருது, எங்கே முடியுது, எதால போகுது. பொடியால, அக்கா. முடிந்தது. ஆயுதப் பெட்டியைத் திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை தாங்கிக்குள் இருக்கிற மிதவையைக் கழற்றினேன். பெற்றோல் ஏற இறங்க அது மேலும் கீழும் போய் முள்ளுக்குச் செய்தி அனுப்பும். கையால் ஏற்றி இறக்கி அளந்தேன். நல்ல மிதவை. புதன்கிழமை மீற்றர்களைக் கழற்றி மேசையில் வைத்துப் பற்றறி கொடுத்துப் பார்த்தேன். அருமையான மீற்றர்கள். வியாழக்கிழமை காலையில், டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் தகரப் பெட்டியை மாற்றினேன். பற்றறியின் கரண்ட் கூடிக் குறையும். அதை ஒரே அளவாக்கிப் பெற்றோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் கொடுப்பது அந்தப் பெட்டி. இரண்டு முள்ளும் சேர்ந்து கூடக் காட்டினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். கொழும்பிலிருந்து பஸ்ஸில் புதிதாக எடுப்பித்தோம். பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். புதுப் பெட்டியும் பழைய பொய்யையே சொன்னது.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தால் எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒன்றாக நிற்க வைத்தால் எல்லாரும் பொய்யர்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி இருக்கும்.

ஒரு விசயம் என் கண்ணில் பட்டது, நான்தான் அதைப் பிழையாக வாசித்தேன். நாங்கள் ரெஸ்ற் லாம்ப் என்று ஒரு சின்ன விளக்கு வைத்திருப்போம். ஒரு பக்கம் ஏர்த்தில் கொளுவி, மற்றப் பக்கத்தால் வயரைத் தொட்டால், கரண்ட் இருந்தால் எரியும். டாஷ்போட்டின் இரும்பில் கொளுவித் தொட்டபோது விளக்கு மங்கலாக, பழுத்த நிறத்தில் எரிந்தது. வருகிற கரண்ட் பலவீனம் என்று நினைத்தேன். வருகிற வழியைத்தான் நாலு நாளும் துருவித் துருவிப் பார்த்தேன். போகிற வழியைப் பற்றி எனக்குத்தான் பதில் பாடமாச்சே.

வியாழக்கிழமை பின்னேரம் ஜெசிந்தா வேலை முடிந்து வந்தாள். தாதி உடுப்போடு அப்படியே காரின் விளிம்பில் இருந்துகொண்டு, "அண்ணன், உண்மையைச் சொல்லுங்கோ. வானுக்கு ஓம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள். நான் கழற்றின பழைய தகரப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். மெற்றில்டா அக்கா கதிரையிலிருந்து எழும்பி வந்தார். அவர் எழும்பினால் விசயம் பெரிது. கொப்பியைத் திறந்து, நான் திங்கட்கிழமை சொன்னதை முதலில் இருந்து வாசித்தார். வாசித்து முடித்து, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"வைப்பர் எங்க?"

"மழை இல்லைத்தானே அக்கா..."

"நான் மழையைக் கேக்கேல்ல. வைப்பரைக் கேட்டனான்."

ஏறி இருந்தேன். எஞ்சின் நிற்கிறது. சாவியைத் திருப்பி வைப்பரைப் போட்டேன். வைப்பர் நடுங்கி நடுங்கிப் பாதிக் கண்ணாடி வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. முட்கள் ஏறி விழுந்தன. இதைச் சொல்லிக்கொண்டே, எழும்புவதற்காகச் சோக் பிடியில் கையை ஊன்றினேன். சோக் என்பது குளிர்ந்த எஞ்சினை எழுப்ப இழுக்கிற ஒரு பிடி. அதிலிருந்து ஒரு இரும்புக் கம்பி எஞ்சின் வரை போகும். அதில் கரண்டுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் பிடி சுட்டது. சும்மா அல்ல, அடுப்பில் இருந்து இறக்கின கேத்தில் மாதிரிச் சுட்டது. நான் கையை உதறினேன்.

அக்கா எழுதவில்லை. "கரண்ட் எங்கயிருந்து வருது?" என்றார்.

"பற்றறியில இருந்து, அக்கா."

"எங்க போய் முடியுது?"

"பற்றறியிலதான், அக்கா."

"எதால திரும்பிப் போகுது?"

வாய் திறந்தது. பழைய பதில் வெளியே வரத்தான் பார்த்தது. ஆனால் கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பொடியால் போகிற கரண்ட் ஏன் இந்த மெல்லிய கம்பிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது? பெரிய தெரு திறந்திருந்தால் யாராவது வேலியில் இருக்கிற பொட்டு ஓட்டைக்குள்ளால் போவார்களா?

"தெரியாது, அக்கா" என்றேன். பத்து வருடத்தில் முதல் தடவை அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"அப்ப போய்ப் பார்" என்றார்.

தலையைக் கீழே போட்டு, காலை இருக்கையின் மேல் போட்டு, டாஷ்போட்டுக்கு அடியில் புகுந்தேன். டாஷ்போட்டையும் எஞ்சினையும் பிரிக்கிற சுவரில்தான் எல்லாம் பூட்டியிருக்கும். டாஷ்போட்டின் இரும்புச் சட்டம், வைப்பர் மோட்டார், அந்தச் சின்னத் தகரப் பெட்டி, எல்லாம். அழகான சிவப்புச் சுவர். காரின் நிறத்துக்கே பூசியிருந்தது. கத்தி நுனியால் ஒரு இடத்தில் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே இரும்பு வரவில்லை. தேன் நிறத்தில், நூல் நூலாக ஒன்று வந்தது.

பைபர். எங்கள் கடற்கரை முழுக்க நிற்கிற, நாங்கள் போட்டு என்கிற மீன்பிடிப் படகுகள் செய்கிற அதே பைபர். அதற்குள்ளால் கரண்ட் போகவே போகாது.

நான் தலைகீழாகக் கிடந்தபடியே சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. ஜெசிந்தா பயந்துபோய் என் காலைப் பிடித்து இழுத்தாள். "அண்ணன், கரண்ட் அடிச்சுப் போட்டுதோ?" என்று கேட்டாள். நான் அந்தச் சுரண்டலைக் காட்டினேன். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கிளறன்ஸ் மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

கிளறன்சுக்குப் போன் போட்டார்கள். அவன் ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் மீன்பிடிப் போட்டு செய்கிறவன். மோட்டார் சைக்கிளில், கையெல்லாம் பிசினோடு வந்தான். வந்ததும் முதலில் சுவரைத் தட்டிக் காட்டினான். எவ்வளவு உறுதி பாருங்கள் என்ற பெருமை.

"இரும்பு வெட்டி ஒட்டினால் எங்கட உப்புக் காத்துக்கு ரெண்டு வருசம் நிக்குமோ? பைபர் எண்டால் உங்கட பேரப்பிள்ளையளும் ஓடுவினம்" என்றான்.

அக்கா அவனையும் விடவில்லை. கரண்ட் எதால் திரும்பிப் போகுது என்று அவனிடமும் கேட்டார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "மற்ற வயரால" என்றான். போட்டில் அப்படித்தான். அதன் உடம்பு முழுக்கப் பைபர் என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர். காருக்கு ஒன்றுதான், மற்றது உடம்பு என்று அவனுக்கு ஒருவரும் சொன்னதில்லை. எனக்கோ உடம்பு என்றால் இரும்பு. அதைவிட வேறு ஒன்று இருக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கட்டியது பிழையில்லாத போட்டு. நான் தேடியது பிழையில்லாத கார்.

டாஷ்போட்டுக்குப் போன கரண்ட் எல்லாம் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்றிருக்கிறது. பிறகு சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம், வேக மீற்றரின் கேபிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தத் தகரப் பெட்டிக்கும் நல்ல ஏர்த் இருந்தால்தான் கரண்டை அளந்து கொடுக்கும். இல்லாவிட்டால் வந்ததை அப்படியே முள்ளுக்கு ஊற்றிவிடும். முள்ளும் தாங்கி நிறைஞ்சிருக்கு என்று ஆடும்.

மருந்து என்ன தெரியுமா? ஒரு முழ வயர். கிளறன்ஸ் தன் பையில் இருந்த தடித்த போட்டு வயரை எடுத்துத் தந்தான். அதன் ஒரு நுனியை டாஷ்போட்டின் சட்டத்தில் சுரண்டிப் பூட்டி, மறு நுனியைச் சுவரின் ஓட்டைக்குள்ளால் எடுத்து எஞ்சினில் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். சூட்டு முள் படுத்தே கிடந்தது. பெற்றோல் முள் கீழே கோட்டுக்கு அருகில் நின்றது. சிக்னல் போட்டேன், ஒன்றும் துள்ளவில்லை. வைப்பர் போட்டேன், காய்ந்த கண்ணாடியைக் கீச்சுக் கீச்சென்று வழித்துத் தள்ளியது. அதற்குக் கை தட்டின ஊர் எங்கள் ஊர்தான். மெற்றில்டா அக்கா கொப்பியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பென்சிலைக் காதில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் லூர்தம்மா வந்தார். அரைத் தாங்கிக்குப் பெற்றோல் அடித்து வைத்திருந்தோம். அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சைக்கிள் கம்பியை எடுத்தார். அதைத் தாங்கிக்குள் விட்டு, எடுத்து, ஈரம் எதுவரை என்று விரலால் பிடித்துப் பார்த்தார். முள்ளைத் திரும்பப் பார்த்தார். ரெண்டும் ஒரே கதைதான் சொல்லுது என்றார். ஆனாலும் முழுதாக நம்பவில்லை. நாளைக்குத் தான்தான் மகளுக்குப் பக்கத்தில் இருப்பாராம். நான் மோட்டார் சைக்கிளில் ஆயுதங்களோடு பின்னால் வர வேண்டுமாம்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சந்தோசம் தலைக்கு ஏறிவிட்டது. ஓடிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்ற சாட்டில் நான் காரைத் தலைமன்னார் வரை கொண்டுபோனேன். திரும்பி வந்ததும் கிளறன்ஸ் ஓலைத்தொடுவாயில் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்றான். மெற்றில்டா அக்காவே ஒரு சுற்றுப் போய், தலைமயிரெல்லாம் எழும்பி நிற்க வந்து இறங்கினார். பின்னேரம் ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டு உயிலங்குளம் போனாள். முள் உண்மை சொல்கிறது என்ற கும்மாளத்தில், அது என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை. முன்னால் சிவப்புக் கார். ஜெசிந்தா வெள்ளைச் சாறியில், முக்காட்டைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாள். பக்கத்தில் லூர்தம்மா. அதற்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பூக்கட்டிய வான், மணப்பெண் இல்லாமல் சொந்தக்காரர் மட்டும். வயலில் நின்றவர்கள் எல்லாரும் கையைக் காட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கு மட்டும்தான் கேட்டது.

திடீரென்று கார் சிக்னலைப் போட்டு இடது பக்கம் திரும்பியது. கோயிலுக்கு நேரே போக வேண்டும். அது திரும்பியது பம்ப் நிற்கிற பெற்றோல் செற்றுக்குள். என் பாட்டு நின்றுவிட்டது. போச்சு, முள் விழுந்துவிட்டது, மனுசி வானில் ஏறப் போகிறார் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

லூர்தம்மா காரை விட்டு இறங்கிப் பம்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா, என்ன பிழை?" என்றேன். மூச்சு வாங்கியது.

"ஒரு பிழையும் இல்லைத் தம்பி. உம்மட முள் கால் தாங்கிக்குக் கீழ எண்டு சொல்லிச்சு. நான் நிப்பாட்டச் சொன்னனான்."

வரிசையில் நின்ற உழவு இயந்திரங்களும் ஓட்டோக்களும் பின்வாங்கி இடம் விட்டன. பம்ப் அடிக்கிற மனுசன் தொப்பியைக் கழற்றிவிட்டு எவ்வளவு என்று கேட்டார். முழுக்க என்றார் லூர்தம்மா. விளிம்புவரை அடித்து மூடியாயிற்று. ஜெசிந்தா சாவியைத் திருப்பினாள். முள் அசையவில்லை.

"ஏன் எழும்பேல்ல?" என்றார் லூர்தம்மா.

இந்த மாதிரிப் பழைய முள் சூட்டில் வேலை செய்வது. உள்ளே ஒரு சின்னத் தகடு மெல்லச் சூடாகி வளைந்தால்தான் அது ஏறும். ஒரு நிமிடம் கூடப் பிடிக்கலாம். இதை நான் எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வயர் பூட்டின இடத்தைக் குனிந்து பார்த்தேன், ஏனென்றால் பூட்டியவன் நான்.

"அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் எல்லாம் வந்திருப்பினம். பூசை வைக்கிற சுவாமியும் பார்த்துக்கொண்டு நிப்பார்" என்றாள் ஜெசிந்தா.

"மாப்பிள்ளை எங்கயும் ஓடான். முள் எழும்பட்டும்."

ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். பம்ப் அடிக்கிறவர், உழவு இயந்திரக்காரர், வானில் வந்த ஜெசிந்தாவின் சின்னம்மா, எல்லாரும் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றிக் குனிந்து நின்றோம். முள் ஒரு மயிரளவு அசைந்தது. கால் வந்தது. நின்று யோசித்தது. அரை. என் பின்னால் நின்றவர் மூச்சை விட்டது என் கழுத்தில் பட்டது. முக்கால். பிறகு அவசரமில்லாமல் கடைசிக் கோட்டைத் தொட்டு, அதில் சாய்ந்துகொண்டது. அப்போது செற்றுக்குள் எழும்பின சத்தத்துக்குக் காகமெல்லாம் பறந்தது.

லூர்தம்மா மீற்றரின் கண்ணாடியை ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்தார். சாறித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி இருந்தார். கதவைத் தானே சாத்தினார்.

"இப்ப எடு, பிள்ளை" என்றார்.

தாம்போதியை அந்தக் கார் தாண்டினது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு பக்கமும் கடல் மினுங்குகிறது, ஜெசிந்தா ஹோனை விட்ட பாடில்லை, முக்காட்டின் நுனி கொடி மாதிரிப் பறக்கிறது. கோயில் முற்றத்தில் பெரிய சனம். நாங்கள் நன்றாகப் பிந்திவிட்டோம். சுவாமி பூசை உடுப்போடு வாசல்படி வரை வந்து, கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் வாயைத் திறக்க முதல், லூர்தம்மா காரை விட்டு இறங்கி, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"முழுத் தாங்கியோட வந்திருக்கிறம், சுவாமி."